சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று நாள்: கடலூர், புதுவை மாணவர்களுக்கு ஒரு ஜாப் ஷேடோயிங் வழிகாட்டி

இன்டர்ன்ஷிப் போனால் வேலை செய்ய வேண்டும். ஜாப் ஷேடோயிங்கில் வேலை செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும். காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்த மாணவருக்குப் பதினொன்றரைக்கே கொட்டாவி வந்துவிடும். எதிரே ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வரி தட்டுவார், ஒரு வரியை அழிப்பார். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆளையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் இல்லைதான். அதனால் முதல் நாளே ஒரு டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழுவின் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளிலோ வேறு எதிலோ பதிவாகியிருக்கும் ஒரு வேலை, ஒரு பிழை, ஒரு சின்ன மாற்றம் எதுவானாலும் சரி. அது யார் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

யாரிடம் கேட்பது

பெரிய ஐ.டி. கம்பெனிகளில் வெளியாளை உட்கார வைப்பது கஷ்டம். வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தம் இடம் தராது. சில தளங்களுக்குள் செல்போனே எடுத்துப் போக முடியாது. பத்து முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் சின்னக் கம்பெனிகளைத் தேடுங்கள். புதுவை நகருக்குள்ளும், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும், ஆரோவில் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப்பட்டவை உண்டு. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்த பிறகு அந்தப் பக்கமும் விசாரிக்கலாம்.

கல்லூரி பிளேஸ்மென்ட் செல் வழியாகக் கேட்பதைவிட, இரண்டு மூன்று வருடம் முன்பு உங்கள் துறையில் படித்து அங்கே வேலைக்குச் சேர்ந்த சீனியர் வழியாகக் கேட்டால் சீக்கிரம் பதில் வரும். மெயில் எட்டு வரியைத் தாண்ட வேண்டாம். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எத்தனை நாள், என்ன பார்க்க ஆசை என்று எழுதுங்கள். 'புரோகிராம் கோடில் கை வைக்க மாட்டேன், படம் எடுக்க மாட்டேன், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயார்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். சம்மதம் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வரியால்தான். ரெஸ்யூமே இணைக்காதீர்கள். இணைத்தால் வேலை கேட்கிற மெயில் என்று நினைத்து எச்.ஆர். பெட்டியில் போட்டுவிடுவார்கள். கல்லூரி போனஃபைட் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும்.

எந்த மூன்று நாள்

தொடர்ச்சியாக மூன்று நாள் கேட்காதீர்கள். பல குழுக்கள் இரண்டு வாரத்தை ஒரு ஸ்பிரின்ட்டாக வைத்து வேலை செய்கின்றன. தொடக்கத்தில் திட்டமிடும் கூட்டம் நடக்கும், நடுவில் கோடு எழுதுவார்கள், முடிவில் செய்து காட்டி வெளியிடுவார்கள். திட்டமிடும் நாள் ஒன்று, நடுவில் ஒன்று, ரிலீஸ் நாள் ஒன்று எனப் பிரித்துக் கேளுங்கள். ரிலீஸ் நாள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையாக இருக்காது. வெள்ளி மாலை வெளியிட்டு ஏதாவது உடைந்தால் சனிக்கிழமை உட்கார்ந்து சரிசெய்ய ஆள் வேண்டுமே.

தினமும் ஸ்டாண்ட்-அப் என்று ஒரு பதினைந்து நிமிடக் கூட்டம் நடக்கும். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு யார் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும். கடலூரிலிருந்து புதுவைக்கு இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான் என்று நினைத்து ஒன்பது மணிக்கு பஸ் ஏறாதீர்கள். தவளக்குப்பம் வரை நன்றாக வந்துவிட்டு அரியாங்குப்பத்திலும் மரப்பாலம் சந்திப்பிலும் நிற்பீர்கள். பத்து மணிக் கூட்டத்துக்கு எட்டுக்கே கிளம்பிவிடுங்கள்.

பிரான்ஸ் வாடிக்கையாளருக்கு வேலை செய்கிற இடமென்றால் ஸ்டாண்ட்-அப் மதியம் இருக்கலாம். பாரிஸில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் 1:30, கோடையில் 12:30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். முன்னாடியே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

நிறைய வேண்டாம். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் குளோன், பிராஞ்ச், கமிட், புஷ் என்ற நான்கு கட்டளைகளையும் உங்கள் சொந்த ரெப்போவில் (கோடு வைக்கும் இடம்) செய்து பார்த்து, உங்களுக்கு நீங்களே ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டு மெர்ஜ் செய்யுங்கள், அதாவது சேர்த்துவிடுங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபில் ஒரு பக்கம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். சர்வர் திருப்பி அனுப்பும் பிழை எண்களில் 401, 404, 500 ஆகிய மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். இதற்கு ஒரு சனி, ஞாயிறு போதும். இதுகூடத் தெரியாமல் போனால் முதல் நாள் முழுவதும் சொற்களுக்கு அர்த்தம் கேட்பதிலேயே கழியும்.

டிக்கெட்டோடு நடப்பது

ஒரு டிக்கெட் எப்படிப் பாடம் ஆகிறது என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். ஒரு மருத்துவமனையின் டோக்கன் ஆப். டிக்கெட்டில் ஒரே வரி: 'தமிழ் எஸ்.எம்.எஸ். செலவு இரண்டு மடங்கு வருகிறது.'

முதலில் இதை எழுதியவர் யார் என்று பாருங்கள். பில்லைப் பார்த்த கணக்குப் பிரிவாக இருக்கலாம். அவருக்குக் காரணம் தெரியாது, வலி மட்டும் தெரியும். டெவலப்பர் முதலில் கேட்கப்போவது 'எந்தச் செய்தி, எந்தத் தேதியிலிருந்து, எல்லாருக்குமா, சிலருக்கு மட்டுமா?' என்பதுதான். இந்தக் கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிழையைத் தானும் ஒருமுறை வரவழைத்துப் பார்க்காமல் கோடைத் தொடும் டெவலப்பரை நல்ல குழுவில் பார்க்க மாட்டீர்கள்.

அடுத்தது காரணம். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் வந்துவிட்டால் எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோட் முறைக்கு மாறி, கொள்ளளவு 70-ஆகச் சுருங்கும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே கொள்ளும், பில் துண்டுக்கு ஒன்றாக ஏறும். இதோடு நம் எழுத்துக் கணக்கும் கணினியின் கணக்கும் வேறு. 'கடலூர்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு, ஏனென்றால் ஊகாரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'புதுச்சேரி' நமக்கு ஐந்து, அதற்குப் பத்து.

'உங்கள் டோக்கன் எண் 42. காலை 10:30-க்கு வரவும்.' என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 34. கணினி எண்ணினால் 46. மீதி இருப்பது 24 இடம். யாரோ ஒருவர் அதில் மருத்துவமனை பெயரையும் டாக்டர் பெயரையும் சேர்த்திருப்பார், செய்தி இரண்டு துண்டாகியிருக்கும்.

இனி திருத்துவதுதானே, வாசகத்தைச் சுருக்கினால் முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் வகுப்பறையில் கிடைக்காத பாடம் வருகிறது. இந்தியாவில் கம்பெனிகள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸின் வாசகத்தை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, இதற்கென்றே உள்ள டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். டோக்கன் எண், நேரம் போல மாறும் இடங்களைத் தவிர்த்து வாசகம் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் செய்தி போகாது. கோடு மாற்ற ஐந்து நிமிடம். புது வாசகத்துக்கு ஒப்புதல் வரும் வரை அந்தக் கோடை வெளியிட முடியாது. அவசரப்பட்டு வெளியிட்டால் செலவு குறையாது, டோக்கன் செய்தியே யாருக்கும் போகாமல் நின்றுவிடும். சின்ன மாற்றத்துக்கு ஏன் நான்கு நாள் மதிப்பீடு போடுகிறார்கள் என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் புரியும்.

பிறகு புல் ரிக்வெஸ்ட். இன்னொருவர் கோடைப் படித்துக் கருத்து எழுதுவார். எது தவறு, எது விருப்பம், எது வெறும் சந்தேகம் என்று கருத்துகளைப் பிரித்துப் பாருங்கள். இப்போது பலரும் கோடு எழுத ஏ.ஐ. உதவி எடுக்கிறார்கள். அது தந்ததில் எந்தப் பகுதியை டெவலப்பர் அழிக்கிறார் என்று கவனியுங்கள். ஏற்றுக்கொண்டதைவிட அழித்ததில்தான் அவருடைய அனுபவம் தெரியும்.

ஒரே டிக்கெட் மூன்று நாளில் முடியும் என்று உறுதி இல்லை. அதனால் இன்று திறந்தது ஒன்று, பாதியில் இருப்பது ஒன்று, போன மாதம் முடிந்தது ஒன்று என மூன்றைக் கேளுங்கள். முடிந்ததில் இருக்கும் கமென்ட்களை மேலிருந்து கீழே படித்தால் யார் எங்கே தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது வரிசையாகக் கிடைக்கும். டெவலப்பர் மௌனமாகிவிட்ட மதிய நேரத்துக்கு அதுவே தீனி.

டிசைனரிடமும் டெஸ்டரிடமும் அரை நாள்

டிசைனர் பக்கத்தில் உட்காரும்போது, திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் அழகான திரையைக் காட்டுவார். தகவலே இல்லாதபோது, நெட் அறுந்தபோது, பெயர் மிக நீளமாக வரும்போது அதே திரை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். தமிழில் இந்தக் கேள்விக்கு மவுசு அதிகம். 'சேவ்' என்ற சொல்லுக்கு வரைந்த பட்டனில் 'சேமிக்கவும்' பிதுங்கும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளவாக வைத்தால் 'நீ'யின் கொக்கி மேலேயும் 'கூ'வின் வால் கீழேயும் வெட்டுப்படும்.

டெஸ்டரிடம் பெயர்ப் படிவத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில், ஒரே பெயரும் ஒரு இனிஷியலும் உள்ள நம் ஊர்க்காரர் என்ன நிரப்புவார்? ஒற்றை எழுத்தை ஏற்குமா? புள்ளி வைத்தால் பிழை காட்டுமா? பார்க்க வந்த மாணவர் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தேவைப் பட்டியலில் இது இருக்காது.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

டெவலப்பர் தலைக்குள் ஏழெட்டு விஷயத்தை ஒரே நேரத்தில் தாங்கிக்கொண்டிருப்பார். இடையில் கேள்வி வந்தால் அத்தனையும் கொட்டிவிடும். முகத்தில் காட்ட மாட்டார், ஆனால் மறுநாள் 'இன்றைக்கு மீட்டிங் இருக்கு, தம்பி' என்று உங்களைத் தள்ளி வைப்பார். கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில்டோ (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) டெஸ்ட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போது அவரும் சும்மாதான் இருப்பார், அப்போது கேளுங்கள். டீ இடைவேளை அதைவிட நல்ல நேரம்.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நேரமும் நடந்ததும், வலப்பக்கம் கேள்வி. அரை மணிக்கு ஒருமுறை பதிவு. 'இது என்ன?' என்று கேட்பதைவிட 'ஏன் அதைச் செய்யாமல் இதைச் செய்தீர்கள்?' என்று கேட்டால் பதில் நீளமாக வரும். சம்பளம், பேக்கேஜ் பற்றி வேண்டாம். கேட்காமலே யாராவது சொல்லிவிடுவார்கள்.

முதல் நாள் சார், மேடம் என்றே கூப்பிடுங்கள். மதியத்துக்குள் 'பெயர் சொல்லியே கூப்பிடு' என்பார்கள். வாய் வரவில்லை என்றால் அண்ணா, அக்கா எல்லாச் சின்னக் கம்பெனியிலும் செல்லுபடியாகும்.

சிக்கல் வரும் இடங்கள்

திரையைப் படம் எடுப்பதுதான் பெரிய தவறு. நோட்ஸுக்காக எடுத்தேன் என்பீர்கள். படத்தின் ஓரத்தில் ஒரு வாடிக்கையாளரின் போன் எண்ணோ, சர்வர் கடவுச்சொல் இருக்கும் கோப்போ இருக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது, மாட்டுவது உங்களை உள்ளே விட்ட கம்பெனி. லிங்க்டுஇன்னில் போடும் செல்ஃபியும் இதே கதைதான். பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையை யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். அனுமதி கேட்டு வாசலில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். மரியாதை இங்கேயும் உண்டு. கீபோர்டில் கை வைக்காதீர்கள், 'இதை நான் செய்யட்டுமா?' என்றும் கேட்காதீர்கள். அவர் லாகினில் நீங்கள் செய்த தவறு அவர் பெயரில்தான் பதிவாகும்.

முடிந்த பிறகு

இரண்டு நாளுக்குள் ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள். தள்ளிப்போட்டால் நோட்டில் இருப்பது உங்களுக்கே புரியாது. கல்லூரியில் கொடுக்கும் முன் கம்பெனிக்கு அனுப்பி, வெளியே போகக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இன்டர்ன்ஷிப் நேரத்தில் உங்கள் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

பிறகு, பார்த்த டிக்கெட்டுகளில் ஒன்றின் கருவை மட்டும் எடுத்து, அவர்கள் கோடைத் தொடாமல் நீங்களே எழுதிப் பாருங்கள். மேலே சொன்ன எஸ்.எம்.எஸ். உதாரணமே நல்ல பயிற்சி. ஒரு பெட்டியில் செய்தியைத் தட்டினால் எத்தனை துண்டாகும் என்று சொல்லும் ஒரு வலைப்பக்கம் போதும். ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளத்தைச் சொல்லும் லெங்த் 'கடலூர்' என்பதற்கு 6, 'புதுச்சேரி' என்பதற்கு 10 தர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கையும் காட்ட விரும்பினால் எழுத்துகளைப் பிரித்துத் தர பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்டில் செக்மென்ட்டர் (Intl.Segmenter) 4, 5 என்று தரும். கடைசியாக 'கொ' என்ற ஓர் எழுத்தை இரண்டு மூன்று விதமான கீபோர்டில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 2 வரும். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கிற முறை ஏதாவது இருந்தால் 3 வரும். அப்படி வந்தால் எண்ணுவதற்கு முன் நார்மலைஸ் செய்ய, அதாவது இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க, ஒரு வரி சேருங்கள்.