லினக்ஸில் வீடியோ ஓடும்போது லேப்டொப் கொதிக்கிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளைகள் பாவிக்கிற லேப்டொப்களில் பல, வேறு யாரோ பாவித்து முடித்து கைமாறி வந்தவை. விண்டோஸ் இழுக்குது என்று லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போடுகிறார்கள், நல்ல முடிவுதான். ஆனால் உயர்தரப் பாட வீடியோ ஒன்றைப் போட்டதும் விசிறி இரைகிறது, பட்டரி மளமளவென்று இறங்குகிறது, கரண்ட் இல்லாத நேரமென்றால் பாடம் முடியமுதல் மெஷின் அணைந்துவிடும். சுருக்கி வருகிற வீடியோவை விரித்துக் காட்டுவதுதான் டிகோடிங். கிராபிக்ஸ் சிப் செய்யவேண்டிய அந்த வேலையை சிபியு தனியாகச் சுமக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இதைச் சரிசெய்யப் போகிறவர்கள் செய்கிற மிகப் பெரிய தவறு, தங்கள் சிப்புக்கு எச்.264, வீபி9, ஏவி1 போன்றவற்றில் எந்த வீடியோ வடிவம் (சுருக்கும் முறை) தெரியும் என்று பார்க்காமலே செட்டிங்கைத் தோண்டத் தொடங்குவது. 4ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு எச்.264 தெரியும், வீபி9 தெரியாது. வீபி9-ஐ முழுமையாக வன்பொருளிலேயே டிகோட் செய்வது 7ஆம் தலைமுறையிலிருந்துதான், ஏவி1 என்றால் 11ஆம் தலைமுறை வேண்டும். யூடியூப்போ பெரும்பாலும் வீபி9 அல்லது ஏவி1-ஐத்தான் அனுப்புகிறது, அதனால் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) எல்லாம் சரியாக இருந்தாலும் பழைய மெஷின் சூடாகத்தான் செய்யும். டெர்மினலில் விஏஇன்ஃபோ (vainfo) கட்டளையை ஓட்டுங்கள். எந்த வடிவத்துக்கு நேரே விஎல்டி (VLD) என்று வருகிறதோ அதை மட்டும்தான் உங்கள் சிப் டிகோட் செய்யும். அப்புறம் யூடியூப் வீடியோவில் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்’ திறந்தால் என்ன வடிவம் வருகிறது என்று தெரியும், ஏவிசி1 என்று இருந்தால் அது எச்.264.

எச்.264-ஐ மட்டும் வாங்கச் சொல்கிற பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன, பழைய மெஷினுக்கு அவை பெரிய உதவி. ஆனால் போன் டேட்டாவில் பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டாம். அதே தரத்துக்கு எச்.264 கூடுதல் டேட்டா தின்னும். கரண்ட் இல்லாமல் பட்டரியில் ஓடும்போது அதைப் போடுங்கள், டேட்டா முடிகிற நேரமென்றால் நிறுத்திவிட்டு வீடியோ தரத்தை 480p-க்கு இறக்குங்கள், பலகையில் எழுதும் பாடத்துக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

அடுத்த தவறு, இணையத்தில் யாரோ எழுதிய செட்டிங் வரியை அப்படியே ஒட்டுவது. இன்டெல்லில் 5ஆம் தலைமுறையிலிருந்து ஐஎச்டி (iHD) என்ற வீடியோ டிரைவர், அதற்கு முந்தியவற்றுக்கு ஐ965 (i965). 4ஆம் தலைமுறை மெஷினில் ஐஎச்டி-யைக் கட்டாயப்படுத்தும் வரியைச் சேர்த்தால் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும். அந்த வரியே இல்லாமல் விட்டால் பெரும்பாலும் சிஸ்டம் தானாகவே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். குரோமிலும் இப்படித்தான், அதன் ஃபிளாக் (flag) எனும் சோதனைச் செட்டிங்குகளின் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன, பழைய பதிவில் உள்ளது இன்று ஒன்றும் செய்யாது. பயர்பொக்ஸில் 2023-இல் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து இன்டெல்லுக்கு வன்பொருள் டிகோடிங் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது, அதனால் முதலில் பிரவுசரைப் புதுப்பியுங்கள்.

எல்லா டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகையும்) ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. பெடோரா என்ற டிஸ்ட்ரோ 2022-இல் காப்புரிமைச் சிக்கலால் மீசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பில் எச்.264, எச்.265 இரண்டையும் நிறுத்தியது. ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ளவர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து ஃப்ரீவேர்ல்ட் டிரைவரைப் போட்டால்தான் அவை திரும்ப வரும். இது தெரியாமல் மெஷினில்தான் பழுது என்று முடிவுகட்டி விற்றுவிடாதீர்கள்.

பிளாட்பேக்கில் (ஆப்பைத் தனிப் பொதியாகப் போடும் முறை) போட்ட பிளேயர் சிஸ்டத்தில் உள்ள டிரைவரைப் பாவிக்காது, அதற்குத் தனியாக வேண்டும். எம்பிவி (mpv) பிளேயரில் ஹெச்டபிள்யூடெக் (hwdec) எனும் வன்பொருள் டிகோடிங் செட்டிங் இயல்பாக அணைந்தே இருக்கும், கொன்ஃபிக் ஃபைலில் ஆட்டோ-சேஃப் (auto-safe) என்று நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

எல்லாம் செய்துவிட்டு “இப்ப குளிர்ந்த மாதிரி இருக்கு” என்று விடாதீர்கள். இன்டெல்லில் ஜிபியு டொப் (intel_gpu_top) கருவியை ஓட்டிக்கொண்டு வீடியோவைப் போடுங்கள், அதில் ‘வீடியோ’ என்ற வரி 0-விலேயே நின்றால் இன்னும் சிபியுதான் இழுக்கிறது. அப்போது யாரிடமாவது உதவி கேட்டால் சிப்பின் பெயர், டிஸ்ட்ரோவின் பதிப்பு, விஏஇன்ஃபோ காட்டியது மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். “வீடியோ இறுகுது” என்று மட்டும் சொன்னால் பதில் சொல்ல யாராலும் முடியாது.