அளவெடுத்துச் செய்தால்தான் சுகமா? இன்சோல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிகால் வலி என்று போனால், ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற இன்சோலை ‘உங்க காலுக்கு அளவெடுத்தே செஞ்சிடலாம்’ என்கிறார்கள். ரெடிமேடைவிட விலை பல மடங்கு, அப்போ சுகமும் அப்படித்தான் இருக்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். பிளான்டர் ஃபேஷியைட்டிஸ் (உள்ளங்கால் தசைநார்ப் பட்டையில் வரும் பாதிப்பு, குதிகால் வலிக்குப் பொதுவான காரணம்) உள்ள 135 பேருக்கு போலி இன்சோல் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் கொடுக்கும், பாதத்தைத் தாங்காத ஒன்று), ரெடிமேட், அளவெடுத்துச் செய்தது என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் நடமாட்டம் சற்று மேம்பட்டதில் ரெடிமேடும் அளவெடுத்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போலியோடு ஒப்பிட்டும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் சாதாரண குதிகால் வலிக்கு முதலில் ரெடிமேடைப் போட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

ஆனால் அதையும் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று வாங்காதீர்கள். அமுக்கினால் ஒரேயடியாகப் படுத்துவிடுகிற ஜெல், உடல் எடை முழுக்க இறங்கும்போது ஆர்ச்சை, அதாவது உள்ளங்கால் வளைவைத் தாங்காது. நீங்கள் தினமும் போடும் ஷூவையே கொண்டுபோய், அதிலிருக்கும் பழைய இன்சோலைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்து, கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். பழையதன் மேலேயே வைத்தால் குதிகால் உயர்ந்து ஷூ கழன்று கழன்று வரும், விரல்கள் நெரியும், பழி மட்டும் இன்சோல் மேல் விழும்.

அளவெடுத்தது பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக். முதல் நாளே காலையிலிருந்து இரவு வரை போட்டுவிட்டு ‘ஆகவே ஆகாது’ என்று மூலையில் எறிபவர்கள் நிறைய. முதல் நாள் ஓரிரண்டு மணி நேரம் போதும், அப்புறம் நாளுக்கு நாள் கூட்டலாம். அதற்காக, ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தாலும் ‘பழகிடும்’ என்று வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் தவறு. செய்தவரிடமே கொண்டுபோனால் தேய்த்தோ சூடாக்கியோ சரிசெய்து தருவார். கொடுத்த காசில் பெரும்பாலும் அதுவும் சேர்த்திதான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இவ்வளவும் உணர்ச்சி உள்ள காலுக்குத்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ‘சுகமாக இருக்கிறது’ என்பதே நம்ப முடியாத சாட்சி, உரசிப் புண்ணானால்கூட வலிக்காது. அவர்கள் கடையில் தாமாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, அவர் சொல்லும் எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்ணறை ரப்பர்) செருப்போ அளவெடுத்த இன்சோலோ வாங்குவதுதான் சரி. எதைப் போட்டாலும் தினமும் இரவு உள்ளங்காலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.