பிள்ளைகளிடம் வந்து சேரும் அம்மா அப்பாக்களுக்கு: ஸ்கார்பரோவில் முதல் ஆண்டு

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெற்றோர் பிள்ளைகளிடம் நீண்ட நாள் தங்கக் கனடா தரும் சூப்பர் விசாவில் மகன் வீட்டுக்கு வந்தோம், பிறகு பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. இப்போது கனடாவில் டொரொண்டோவின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோதான் எங்கள் ஊர். எங்களைப் போலப் பணி ஓய்வுக்குப் பின் இங்கே வருகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வாருங்கள், ஆனால் அது ஒன்றே உங்கள் முழுநேர வேலையாகிவிட இடம் கொடுக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று பொழுதாவது உங்களுக்கென்று ஓர் இடமும் நாலு பேரும் கைக்கு ஒரு வேலையும் வேண்டும். அதை வந்த முதல் மாதத்திலேயே பழக்கப்படுத்திவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

வருவதற்கு நல்ல நேரம் ஏப்ரல் கடைசி அல்லது மே. தீபாவளியை ஊரில் முடித்துவிட்டு நவம்பரில் விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாத நிலையில் அந்த இருட்டுக்குள் வந்து இறங்கினால் மனம் சோர்ந்துபோகும். மே மாதம் வந்தால் பனி விழுவதற்குள் எந்தப் பேருந்து எங்கே போகும், எந்தக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்கும், யாருக்குப் போன் போட்டால் பேசுவார்கள் என்பதெல்லாம் கைவசமாகியிருக்கும்.

காகித வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் நீங்களே அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சூப்பர் விசாவில் ஒரு தடவை வந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு அவசரச் சிகிச்சைக்குத்தான், வழக்கமான சர்க்கரைப் பரிசோதனைக்குக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்களை ஒளிக்காமல் எழுதுங்கள். இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கடைசி சில மாதங்களில் மாற்றியிருந்தால் அது தொடர்பான செலவைச் சில காப்பீடுகள் ஏற்பதில்லை என்பதால் அந்த விதியை மகனோ மகளோ வரி வரியாகப் படித்துச் சொல்லட்டும். ஒண்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டை பி.ஆர். கிடைத்த பிறகுதான் வரும். அது கையில் இருந்து வயதும் 65 ஆகிவிட்டால் பெரும்பாலான மருந்துச் சீட்டுகளுக்கு மாகாண அரசு உதவுகிறது. ஊரிலிருந்து வரும்போது 90 நாளுக்கு மேற்படாமல் மாத்திரையை அதன் சொந்த அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கொண்டு வாருங்கள். ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், பென்ஷன் அந்தக் கணக்கில்தான் விழுகிறது.

இனி தோட்டம். எங்கள் ஆண்டின் நடுத்தூண் அதுதான்.

மே மாதத்தில் ஸ்கார்பரோவின் தமிழ்க் கடை வாசல்களில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று அடுக்கியிருக்கும். நாலு நாள் வெயில் அடித்தாலே கை துறுதுறுக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா வேலி ஓரமாக நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவசரப்படாதையுங்கோ அண்ணை, மே இருபத்திநாலு போகட்டும். அதுக்கு முதல் வைச்சா ஒரு ராப்பனி முழுக் கண்டையும் எரிச்சுப் போடும்." இங்கே எல்லாருக்கும் அதுதான் கணக்கு. மே 25-க்கு முந்தைய திங்கள் விக்டோரியா தின விடுமுறை, அதை ஒட்டித்தான் நாற்று மண்ணில் இறங்கும். அக்டோபரில் மறுபடி உறைபனி வந்துவிடும். ஐந்து மாதத்துக்குள் விதைத்துக் காய் பறிக்க வேண்டியிருப்பதால் புடலையும் பாகலும் ஏப்ரலிலேயே வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் சின்னத் தொட்டியில் முளைக்க வேண்டும். வெந்தயக்கீரைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, தூவிய மூன்று வாரத்தில் கிள்ளலாம். அணில்கள் புதிதாகக் கிளறிய மண்ணைத் தோண்டும், கோழிவலை ஒன்று வாங்கி மூடிவிடுங்கள்.

விதை, கறிவேப்பிலை, செடி எதையும் ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டாம். தாவரப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். கறிவேப்பிலைக் கன்று இங்கேயே கிடைக்கிறது. அதைத் தரையில் நடாமல் தொட்டியில் வையுங்கள். செப்டம்பரில் இரவுக் குளிர் பத்து டிகிரியைத் தொடும் முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை எல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்து வெளிச்சத்தில் வைத்தால் வசந்தத்தில் துளிர் விடும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பால்கனித் தொட்டியில் தொடங்கலாம். நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், வந்த உடனே பெயரைக் கொடுத்துவைப்பது நல்லது.

ஜூன் கடைசியில் பள்ளி மூடினால் செப்டம்பர் தொடக்கம் வரை பேரப்பிள்ளைகள் வீட்டில்தான். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு டி.டி.சி. என்ற நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. 65 தாண்டிய நமக்கும் குறைந்த கட்டணம், பயணக் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டையில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தட்டினால் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம். பேரன் வழி சொல்ல, நாங்கள் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் பேருந்திலேயே போகிறோம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜூன், ஜூலையில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடக்கலாம். மகன் கார் எடுத்தால்தான் வெளியே போக முடியும் என்ற நிலையை முதல் கோடையிலேயே உடைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் சமைப்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, எந்த நாள் நமக்கு விடுமுறை என்பதை வந்த முதல் வாரமே மகனும் மருமகளும் இருக்கும்போது உட்கார்ந்து பேசிவிடுங்கள். அது மருமகளின் சமையலறை. டப்பாக்களை இடம் மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எங்கள் வீட்டில் செவ்வாயும் வியாழனும் பகல் முழுக்க எங்களுடையது என்று மருமகளே முன்வந்து சொன்னார். அந்த இரண்டு நாளும் மற்ற ஐந்து நாளின் களைப்பைத் தீர்த்துவிடுகின்றன. கைச்செலவுக்கு மாதம் ஒரு தொகை உங்கள் பெயரில் இருக்கும் கணக்கில் இருப்பது அவசியம். ஒரு டீ வாங்கக்கூட பிள்ளையிடம் கேட்பது நம் தலைமுறைக்குக் கூச்சம், பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தாளிப்பதற்கு முன் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். காய்ந்த மிளகாய்ப் புகைக்கே புகை அலாரம் கத்திவிடும், தொட்டிலில் தூங்கும் பிள்ளை அலறி எழும். மின் அடுப்பை அணைத்த பிறகும் அதன் கண்ணாடி கொதித்துக்கொண்டிருக்கும், கை வைத்துவிடாதீர்கள். 911 என்ற அவசர உதவி எண்ணைப் பேத்தியிடமிருந்து நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள்.

நவம்பர் என்றால் எங்களுக்கு லைஃப் சர்டிபிகேட் மாதம், பென்ஷன் தொடர உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கும் மாதம். மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்காரர்களுக்காக டொரொண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் அந்த மாதத்தில் முகாம் நடத்துவது வழக்கம். பென்ஷன் புத்தகமும் பாஸ்போர்ட்டும் எடுத்துப் போங்கள். வரிசையில் நிற்கும்போது நம் ஊர்க்காரர் யாராவது கட்டாயம் அகப்படுவார். எனக்குச் சீட்டு விளையாட்டுத் துணை கிடைத்தது அங்கேதான்.

குளிர்காலத்துக்கு இரண்டு இடம் தேடிக்கொள்ளுங்கள். ஒன்று நூலகம். டொரொண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன. ஸ்கார்பரோ பக்கக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கும். முகவரிச் சான்று காட்டினால் அட்டை இலவசம். ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டங்கள் அங்கே நடக்கின்றன, என் மனைவிக்குச் சீன, ஆப்கானியத் தோழிகள் கிடைத்தது அப்படித்தான். பி.ஆர். இருந்தால் அரசாங்கத்தின் இலவச ஆங்கில வகுப்பிலும் சேரலாம். இன்னொன்று மால். காலையில் கடை திறக்கும் முன் உள்ளே சுற்றி நடக்கப் பெரியவர்கள் கூடுகிறார்கள். சூடான இடம், வழுக்காத தரை. வெளியே போனால் பனி பெய்யும் நாளைவிடப் பெய்து உருகி மறுபடி உறைந்த மறுநாளுக்குத்தான் பயப்பட வேண்டும். ஈரம் போலப் பளபளக்கும் தரை உண்மையில் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, பாதம் முழுவதும் ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். நம் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் ஆண்டே போய்விடும்.

ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள். கனடிய நாடாளுமன்றம் 2016-இல் அதை ஒருமனதாக ஏற்றது. பொங்கலை ஒட்டிப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் விழா நடக்கும், கோலம் போடவும் பாட்டுச் சொல்லித்தரவும் பெரியவர்களைத் தேடுவார்கள். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போய்வருவது. பி.ஆர். உள்ளவர்கள் ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஓஹிப் தொடர வேண்டுமானால் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாள் ஒண்டாரியோவில் இருக்க வேண்டும். அறுபத்தைந்து வயதுக்குமேல் தரும் முதியோர் பென்ஷனுக்கு இங்கிருந்து விண்ணப்பிக்கப் பதினெட்டு வயதுக்குப் பிறகு பத்து ஆண்டாவது கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் போன தேதி, வந்த தேதி எழுதிவைத்துக் கூட்டிப் பாருங்கள். அந்த நோட்டுப் புத்தகம் பாஸ்போர்ட்டோடு ஒரே பையில் இருக்கட்டும்.