இங்கிலாந்துக்கு வரும் மதுரைக்காரர்களுக்கு: தெரிந்த சொற்கள், வேறு பொருள்

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். கோரிப்பாளையத்திலோ காளவாசலிலோ ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் போயிருப்பீர்கள். அப்படியும் இங்கே வந்த புதிதில் கடைக்காரரும் வீட்டு ஓனரும் பேசுவது பாதிதான் பிடிபடும். பெரிய சொற்களால் வரும் சிக்கல் இல்லை இது. கெட், புட், கோ, ஆஃப், அவுட் என்று சின்ன வகுப்பில் படித்தவைதான் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேறு பொருளில் வந்து நிற்கும்.

முதலில், ஊரிலிருந்து நாம் கொண்டுவருகிற சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். மதுரையில் 'நான் 2021 பாஸ் அவுட்' என்றால், அந்த ஆண்டு கல்லூரி முடித்தவர் என்று எல்லோருக்கும் புரியும். இங்கே பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. வேலைக்கான இன்டர்வியூவில் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2021' என்று சொல்லுங்கள். 'பாஸ்ட் அவே' என்றால் இறந்துவிட்டார். வெறும் 'பாஸ்ட்' என்றும் சொல்வார்கள். முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்கிறவர்கள் இவற்றைக் கட்டாயம் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ப்ரீபோன்' இங்கே பலருக்குப் புரியாது. கூட்டத்தை முன்கூட்டி வைப்பதற்கு 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார்கள். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைத்தாகிவிட்டது, 'கால் ஆஃப்' என்றால் ரத்து.

இந்த 'ஆஃப்' கொஞ்சம் கவனம் கேட்கிற சொல். ஊரில் ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆஃப் பண்ணு என்றே பழகியிருக்கிறோம். அதனால் 'தி அலாரம் ஹேஸ் கான் ஆஃப்' என்று யாராவது சொன்னால், அலாரம் நின்றுவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது அடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தீ அலாரமாக இருந்தால் உடனே கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 'தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்' என்றால் பால் கெட்டுவிட்டது. 'ஐ ஆம் ஆஃப்' என்றால் கிளம்புகிறேன். 'ஷி இஸ் ஆஃப் டுடே' என்றால் இன்று அவர் வேலைக்கு வரவில்லை.

எப்படி நினைவில் வைப்பது? தமிழில் நாம் தினமும் செய்வதுதான். 'விட்டுக்கொடு' என்பதை விடு, கொடு என்று பிரித்து யாரும் பொருள் பார்ப்பதில்லை. அதே மாதிரி 'லுக் ஃபார்' என்றால் தேடு, 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள், 'லுக் இன்டூ' என்றால் என்னவென்று விசாரி. ஒவ்வொன்றையும் முழுச் சொல்லாக, கேட்ட இடத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அது தேர்வோடு போய்விடும்.

மருத்துவருக்கான சொற்களை முதலிலேயே பழகிவிடுங்கள். இங்கிலாந்தில் ஜீபி (நம் பகுதிக்கான பொது மருத்துவர்) கிளினிக்கில் பதிவு செய்வது இலவசம். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது விதி. வாந்தி எடுப்பது 'த்ரோயிங் அப்'. வலி விட்டுவிட்டு வந்தால் 'இட் கம்ஸ் அண்ட் கோஸ்'. கை கால் மரத்துக் குத்தினால் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. 'வி கேன் ஃபிட் யூ இன் அட் லெவன்' என்று ரிசப்ஷனில் சொன்னால், பதினொரு மணிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999. அவசரம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லையென்றால் 111.

மற்றவை தானாகப் பழகிவிடும். எதிரில் வருகிறவர் 'ஆல்ரைட்?' என்றால், நம்மூரில் 'சாப்டாச்சா?' என்று கேட்பது போலத்தான். 'ஆல்ரைட்' என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடக்கலாம், உடம்பு விவரம் எல்லாம் வேண்டாம். 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. பள்ளியில் படித்த 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' அதிகம் காதில் விழாது. கொட்டுகிற மழைக்கு 'ச்சக்கிங் இட் டவுன்' என்பார்கள்.

அப்புறம், வடக்கே லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பல வீடுகளில் மாலைச் சாப்பாட்டுக்கே 'டீ' என்றுதான் பெயர். ஐந்தரை, ஆறு மணிக்கு 'டீ'க்குக் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சைவம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.