நெரிசலான நகரத்தில் மெட்ரோ பாதை போட வேண்டுமா? தோண்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

மெட்ரோ என்றதும் எல்லோரும் சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் வேலை இழுத்தடிப்பதும் செலவு எகிறுவதும் பெரும்பாலும் அந்த இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்னால் செய்யாமல் விட்டவற்றால்தான்.

முதலில் பாதை. மக்கள் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று பாருங்கள், பஸ் நிலையத்தையும் பழைய ரயில் நிலையத்தையும் நடந்தே போய்ச் சேரும்படி இணையுங்கள். சாலை அகலமாக இருந்தால் தூண் மேல் போங்கள், பூமிக்கு அடியில் போனால் செலவு பல மடங்கு.

அடுத்தது மண். பாதை நெடுகத் துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். களிமண் என்றால் ஒரு வகை இயந்திரம், தண்ணீர் ஊறிய மணல் என்றால் வேறு வகை. பாதி பாறை பாதி மண் என்று வந்தால் அதுதான் பெரிய தலைவலி. 2019-இல் கொல்கத்தாவின் பவ்பஜாரில் இயந்திரம் நீர் ஊற்றைத் தொட்டுவிட, மேலே இருந்த பழைய வீடுகள் சரிந்தன. 2009-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மெட்ரோவுக்காகக் கட்டிய தடுப்புச் சுவரில் இருந்த குறை வழியாக மணலும் தண்ணீரும் பாய்ந்து, நகர ஆவணக் காப்பகமே இடிந்து இருவர் இறந்தார்கள்.

அதனால் தோண்டும் முன்பே பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலின் நீளம், அகலம் எல்லாவற்றையும் போட்டோவோடு குறித்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் பிறகு எது பழைய விரிசல், எது புதியது என்று சண்டைதான். சுவர்களில் அளவுகோல் ஒட்டி, இத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் எச்சரிக்கை, இத்தனை இறங்கினால் வேலை நிறுத்தம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். லண்டனில் பிக் பென் கோபுரம் சாயாமல் இருக்க, ஜூபிலி என்ற மெட்ரோ பாதை வேலையின்போது அடியில் சிமென்ட் கலவையைச் செலுத்தித்தான் தாங்கிப் பிடித்தார்கள். பலவீனமான வீடு என்றால் இயந்திரம் கடக்கும் வரை குடும்பத்தை வேறு இடத்தில் தங்க வையுங்கள், வாடகை உங்கள் பொறுப்பு.

சரி, குழாய்களும் கேபிள்களும்? பழைய வரைபடத்தை நம்பாதீர்கள், கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்த்த பிறகே சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் மாற்றுங்கள்.

சுரங்கத்தைவிட நிலையம்தான் ஊரை அதிகம் படுத்தும். பக்கச் சுவர்களை முதலில் இறக்கி, மேல்கூரையைப் போட்டு, சாலையைத் திரும்பக் கொடுத்துவிட்டு அடியில் தோண்டுகிற முறை இருக்கிறது, முடிந்தால் அதையே எடுங்கள். கடைக்காரர்களுக்கு எந்த மாதம் எந்தப் பக்கம் மூடும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இயந்திரம் ஒவ்வொரு தடவை நகர்ந்த பிறகும் கான்கிரீட் வளையம் பொருத்தி, வளையத்துக்கு வெளியே உள்ள இடைவெளியை உடனே கலவையால் நிரப்ப வேண்டும், அங்கே தாமதித்தால் மேலே தரை இறங்கும். அப்புறம் தண்டவாளம், மின்சாரம், சிக்னல். கடைசியில் பயணிகளை ஏற்றாமல் ரயிலை மாதக்கணக்கில் ஓட்டிப் பாருங்கள், திறப்பு விழா தேதிக்காக அந்தச் சோதனையை யாரும் குறைக்க விடாதீர்கள்.