மலையில் காண்டாக்ட் லென்ஸ் அணிவோருக்கு

குளிர்காலத்தில் உதகையின் தெருவிலிருந்து ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிடும். மூடுபனியில் குன்னூர் சாலையில் வண்டி ஓட்டுபவர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் கண்ணாடியைத் துடைக்க வழியில்லாமல் தவிப்பார். நீலகிரியில் கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் காண்டாக்ட் லென்ஸை விரும்புவதற்கு இவையே போதுமான காரணங்கள். அந்த விருப்பத்தில் தவறு எதுவும் இல்லை. ஆயினும் லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காரும் பொருள் என்பதால், சமவெளியில் சொல்லப்படும் விதிகளை இந்த மலையின் காற்றையும் ஈரத்தையும் தண்ணீரையும் எண்ணி இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலில் கண் மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற கண் பரிசோதகரிடமோ லென்ஸுக்கென்றே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக்கான சீட்டு இதற்குப் போதாது. கண்ணாடி விழிக்குச் சற்று முன்னால் நிற்கிறது, லென்ஸோ விழியைத் தொட்டு நிற்கிறது. ஆகவே பவர் 4-ஐத் தாண்டினால் இரண்டிற்கும் எண் மாறும். கருவிழியின் வளைவையும் லென்ஸின் விட்டத்தையும் பொருத்திப் பார்த்தாக வேண்டும். திருமண வீட்டிற்கென வாங்கும் பவர் இல்லாத வண்ண லென்ஸுக்கும் இதே விதிதான். ஒருவர் அணிந்ததை அக்காளோ தங்கையோ மாற்றி அணிவது கூடவே கூடாது.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு; கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. அதன் மேல் ஒரு லென்ஸ், அதற்கும் மேல் மூடிய இமை என்று சேர்ந்தால் கருவிழி மூச்சுத் திணறும். எனவே ஆக்சிஜனை அதிகம் கடத்தும் சிலிகான் ஹைட்ரோஜெல் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எந்த வகையானாலும் அணிந்தபடி உறங்காதீர்கள். லென்ஸோடு தூங்குபவர்களுக்குக் கருவிழித் தொற்று ஏற்படும் வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு கூடுகிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருபவர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். விடிந்தால் மேட்டுப்பாளையம்தானே என்று அப்படியே படுத்துவிடாமல், இரயில் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணிந்து வருவதே நல்லது.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். லென்ஸையும் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. நம் மலையின் ஊற்று நீர் பளிங்குபோலத் தெளிந்திருப்பதால் அதில் தீங்கு இருக்காது என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. குடிப்பதற்கு அது நல்ல நீராகவே இருக்கலாம். ஆனால் அகாந்தமீபா என்னும் ஒரு செல் உயிரி மண்ணிலும் ஊற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழக்கூடியது. அது கூடு கட்டிக்கொண்டுவிட்டால் வழக்கமான குளோரின் அளவுக்கு மசிவதில்லை. லென்ஸின் ஒட்டும் பரப்பைப் பற்றிக்கொண்டு அது கருவிழிக்குள் புகுந்தால், கடும் வலியோடு பல மாதங்கள் சிகிச்சை தேவைப்படும். பார்வையே போய்விடவும் கூடும். ஆகையால் லென்ஸையோ அதன் டப்பாவையோ குழாய் நீரிலும், கொதிக்க வைத்து ஆறவைத்த நீரிலும், உமிழ்நீரிலும் அலசாதீர்கள். குளிப்பதற்கு முன் கழற்றுங்கள். அருவியில் இறங்குவதாக இருந்தால் அன்று லென்ஸ் வேண்டாம்.

அணியும் முன் கைகளைச் சோப்பால் கழுவி, பஞ்சு உதிராத துணியில் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். கைக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் கையில் தங்கும் ஈரம் லென்ஸுக்குப் போகக்கூடாது. நீலகிரித் தைலம் தொட்ட விரலை மட்டும் ஒரு முறை கழுவி நம்பிவிடாதீர்கள். சளிக்காகக் குழந்தையின் மார்பில் தடவிய தைலம் நகக்கண்ணில் தங்கி, லென்ஸில் ஏறி, கண்ணை எரித்துவிடும். மறுபடியும் தேய்த்துக் கழுவி, விரலை முகர்ந்து பாருங்கள். பிறகு லென்ஸை ஆட்காட்டி விரலின் நுனியில் நிறுத்தி வெளிச்சத்திற்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு கிண்ணம்போல நேராக மேலேறினால் சரி. தட்டுபோல வெளியே விரிந்தால் அது உள்வெளி மாறியிருக்கிறது. எப்போதும் வலக் கண்ணிலிருந்தே தொடங்கினால் இரண்டும் இடம் மாறாது. மையும் பவுடரும் அதற்குப் பிறகுதான்.

கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் கரைசலைப் புதிதாக விட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் மெல்லத் தேய்த்து, மீண்டும் கரைசலில் அலசுங்கள். தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியில் போட்டிருந்தாலும் தேயுங்கள். நேற்றைய கரைசலின் மேல் இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மிகக் கெட்ட பழக்கம். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் பயன்படுத்துபவர்கள், அதனுடன் வரும் தனி டப்பாவில் குறைந்தது 6 மணி நேரம் வைத்த பிறகே அணிய வேண்டும்.

இங்கே டப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் துவைத்த துணியே நாள்கணக்கில் காயாத ஊரில், குளியலறை அலமாரியில் வைத்த டப்பா எப்படிக் காயும்? பழைய கரைசலைக் கொட்டி, புதுக் கரைசலால் அலசி, சுத்தமான டிஷ்யூ தாளால் உட்புறத்தை அழுத்தித் துடைத்து, காற்றோட்டமுள்ள அறையில் மற்றொரு தாளின் மேல் கவிழ்த்து வையுங்கள். 3 மாதத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது பொது விதி. ஈரமான வீடுகளில் மாதந்தோறும் மாற்றிவிடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அன்றன்று எறிந்துவிடும் ஒருநாள் லென்ஸ் மிகப் பாதுகாப்பானது. எறிவதைக் கழுவு தொட்டியிலோ கழிவறையிலோ போடாமல் குப்பையில் சேருங்கள். நெகிழிக்குக் கட்டுப்பாடு விதித்துக் காத்துவரும் மாவட்டம் இது.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கரைசல் புட்டியை வண்டியில் விட்டுவிடாதீர்கள். கரியடுப்பின் முன் உட்காரும்போதும், ஹீட்டர் ஓடும் அறையிலும் கண் விரைவில் வறண்டுவிடும். லென்ஸுடன் பயன்படுத்தக்கூடிய சொட்டு மருந்து எது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் நாளில் கண்ணாடி அணிவதே நல்லது.

கண் சிவத்தல், வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்குதல், நீர் வடிதல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் லென்ஸை உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தாய்ப்பாலும் மூலிகைச் சாறும் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு தணிந்ததுபோலத் தோன்றும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது நமக்குப் புதிதல்ல; கோயம்புத்தூருக்குப் போக வேண்டும் என்று உள்ளூர் மருத்துவர் சொன்னால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கரைசல் புட்டியையும் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்பதை ஆய்வகத்தில் அவற்றிலிருந்தும் கண்டறிய முடியும்.