பிள்ளைக்கு எக்ஸ்றே எடுக்க வரும் முன்

மட்டக்களப்பில் எக்ஸ்றே அறையில் வேலை செய்கிறேன். தாய்மார் முதலில் கேட்பது, "மிஸ், பிள்ளைக்குக் கெடுதியா?" என்றுதான். ஒரு நெஞ்சுப் படத்தில் சேரும் கதிர் ஏறத்தாழ 0.02 மில்லிசீவேட் (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் எல்லோர் உடம்பிலும் சேர்கிறது. அந்தக் கணக்கில் இது மூன்று நாள் கதிர்.

ஆனாலும் வளரும் உடம்பின் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன. பிள்ளைக்கு முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. வீணாக ஒரு படமும் எடுக்கக்கூடாது. நீங்கள் தடுக்கக்கூடிய வீண் படம், முதலாவது பழுதாகி மறுபடி எடுப்பது.

நெஞ்சுப் படமென்றால் சங்கிலி, பஞ்சாயுதம், தாயத்து, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இடுப்புப் படத்துக்கு அரைஞாணையும் கழற்ற வேண்டும். தாயத்தைப் பிரிக்க அம்மம்மாவுக்கு மனம் வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். படம் எடுத்து முடியும்வரை அதைக் காலில் கட்டிக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை. தடித்த பின்னலும் ஈரத் தலைமுடியும்கூடப் படத்தில் நிழலாக விழும். பின்னலைத் தூக்கிக் கட்டுங்கள்.

அசைந்தால் படம் கலங்கும். கைக்குழந்தையை ஒருவர் பிடிக்க வேண்டியிருக்கும். தாய் கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தாலும், தகப்பனோ மாமாவோ ஈய அங்கி போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். மற்றப் பிள்ளைகள் வெளியே நிற்கட்டும்.

"முன்பு வயிற்றில் ஈயத் துண்டு வைப்பீர்களே?" என்று சிலர் வருந்துகிறார்கள். அதை வழக்கமாக வைக்கத் தேவையில்லை என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அறிவித்தது. துண்டு இடம் மாறினால் பார்க்க வேண்டிய உறுப்பையே மறைத்துவிடும். கதிரைத் தேவையான இடத்துக்கு மட்டும் குறுக்குவதே பெரிய பாதுகாப்பு.

கேள்வி கேட்க வேண்டிய இடம் சி.டி. ஸ்கான். தலைக்கு எடுத்தால் ஏறத்தாழ 2 மில்லிசீவேட், அதாவது நூறு நெஞ்சுப் படங்கள். "அல்ட்ராசவுண்ட் போதாதா, டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள், அதிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் இல்லை. ஆனால் மரத்திலிருந்து விழுந்த பிள்ளை நினைவிழந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், கதிருக்குப் பயந்து ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அந்த நேரத்தில் ஸ்கான் உயிரைக் காக்கும்.

வாழைச்சேனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ எடுத்த பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். அதுவே போதுமென்று வைத்தியர் சொல்லக்கூடும். மடிக்காமல், திகதி எழுதிய உறையில், கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.